ஹக்கா நூடுல்ஸ் தெரியும்... ஹக்கா அரிசிப் பலகாரம் தெரியுமா?

ஃபாஸ்ட்ஃபுட் கடையில 'ஹக்கா நூடுல்ஸ்' ஆர்டர் பண்ணியிருப்பீங்க. ஹக்கா என்பது ஒரு மக்களின் பெயர். சீனாவிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து குடியேறியவர்களில் ஹக்கா மக்கள் முக்கியமானவங்க. நாம சாப்பிடும் நூடுல்ஸ் பெரும்பாலும் மைதாவுல செய்றது. ஆனா, ஹக்கா மக்களோட பாரம்பரியப் பலகாரங்களுக்கு ஆதாரம் அரிசிதான்!

தைவானின் ஷின்ச்சூ, மியாவ்லி பகுதிகளில் ஹக்கா மக்கள் அதிகம். அரிசிப் பலகாரங்களை அவங்க 'பான்'னு சொல்றாங்க. மாவைத் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, நாடாவா நறுக்கினா 'பான்தியாவ்'. வசந்தகாலத்துல மூலிகைத்தழை சேர்த்த பச்சை நிறப் பலகாரம். உலர்த்திய முள்ளங்கித் துருவலை உள்ளே வெச்சு செய்றது இன்னொரு வகை. இதையெல்லாம் தலைமுறை தலைமுறையா செய்றது சின்னச் சின்னக் குடும்பக் கடைகள்தான்.

அந்தக் கடைகளுக்கு இப்போ என்ன சிக்கல்?

முதல் சிக்கல், நேரம். அரிசியை ஊறவெச்சு, அரைச்சு, துணிப்பையில் கட்டி, பாரம் வெச்சுத் தண்ணீரை வடிக்கணும். காலையில விக்கணும்னா, விடியறதுக்கு முன்னாடியே அடுப்பு எரியணும். செய்த பலகாரமோ ஒரே நாள்ல விறைச்சுடும். ஃபிரிட்ஜ்ல வெச்சா இன்னும் சீக்கிரம்!

இரண்டாவது, மாறிய சாப்பாடு. 1970-களில் ஒரு தைவான்வாசி ஆண்டுக்குச் சராசரியா 130 கிலோ அரிசி சாப்பிட்டார். இப்போ 50 கிலோகூட இல்லை. கோதுமையும் பிரெட்டும் அந்த இடத்தைப் பிடிச்சிடுச்சு.

மூன்றாவது, வேலை. 1980-ல் ஷின்ச்சூவில் அறிவியல் பூங்கா வந்தது. உலகுக்கே சிப் தயாரிக்கும் டி.எஸ்.எம்.சி-யின் தலைமையகம் அங்கேதான் இருக்கு. பக்கத்திலேயே ஏ.சி அறையில நல்ல சம்பளம் கிடைக்கும்போது, அப்பாவோட ஆவி அடுப்புக்கு யார் வருவாங்க?

உறைய வெச்சு பேக் பண்றது, ஆன்லைன்ல விக்கிறதுனு வழிகள் இருக்கு. அரைக்கவும் வேகவைக்கவும் மெஷின் வந்தாச்சு. ஆனா, மாவுப் பக்குவம் அரிசிக்கு அரிசி மாறும். பழைய அரிசி கூடுதலா தண்ணி இழுக்கும். அந்தக் கணக்கு கையிலதான் இருக்கு. பக்கத்துல நின்னு பழகினாத்தான் வரும். செய்முறையை யூடியூப்ல போட்டுட்டா மட்டும் அது அடுத்த தலைமுறைக்குப் போயிடாது.

அதனால, 'பாரம்பரியம்'னு சொல்லி போட்டோ எடுத்து லைக் போட்டா மட்டும் கடை பிழைக்காது. அந்த விடிகாலை உழைப்புக்கு உரிய விலையை நாம கொடுக்கத் தயாரா இருக்கணும். வருமானம் நின்னா, மகளோ மகனோ கடைக்குத் திரும்புவாங்க. அது இல்லாம, பாசத்தை மட்டும் நம்பி எந்தக் குடும்பக் கடையும் ஓடாது!