சாரல் தேவலை

"இன்னுமா டிவிடி சேர்க்கிற?" என்று சிரிப்பவர்களுக்கு என் ஒரே பதில், 'அன்னபூரணி'. நயன்தாரா நடித்த அந்தப் படம் 2023 டிசம்பர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எதிர்ப்பும் போலீஸ் புகாரும் கிளம்ப, 2024 ஜனவரியில் அங்கிருந்து தூக்கப்பட்டது. சந்தா கட்டியவர்களை யார் கேட்டார்கள்? படம் சுமார்தான் என்பீர்கள். இருக்கட்டுமே, பார்த்துவிட்டுத் திட்டுகிற உரிமையாவது எனக்கு வேண்டாமா?

சந்தா என்பது வாடகை. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் பூட்டை மாற்றலாம்.

டிவிடியும் சாகாவரம் வாங்கி வந்ததில்லை. தென்காசிக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். ஜூனில் குற்றாலச் சாரல் தொடங்கினால் அலமாரிக்குள் ஈரம் ஏறும், அட்டை உறையில் பூஞ்சை படரும். ஆனால் பூஞ்சையோடு மல்லுக்கட்டலாம். துடைக்கலாம், ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி வைக்கலாம். எங்கோ இருக்கிற சர்வரோடு என்ன செய்ய முடியும், சொல்லுங்க?

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. இன்று பார்க்க ஒரு பிரதி இல்லை. பிரதி சிலர் கையில் மட்டும் இருந்தால் இதுதான் கதி. ஆயிரம் வீட்டு அலமாரியில் இருக்கிற படத்தை ஒரே உத்தரவில் அழிக்க முடியாது.

அதனால டிவிடியா ஃபைலாங்கிறது சண்டையே இல்ல. உங்க கையில இருக்கா, அவன் கையில இருக்கா? அதைப் பாருங்க.