எச்சரிக்கை வாசலிலேயே இருந்தது

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் பழவேற்காடு வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்துப் பழைய துறைமுகம் அது. ஏரியைப் பார்க்கவும், பூநாரைகளைப் பார்க்கவும் ஜனங்கள் அங்கே போகிறார்கள்.

ஊருக்குள் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கட்டியது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. குழந்தைகள் பார்த்தால் பயப்படும்.

பயப்படவேண்டும் என்றுதான் செதுக்கினார்கள். "உனக்கும் சாவு உண்டு. கடவுளிடம் கணக்குச் சொல்ல வேண்டிய நாள் வரும்" என்று உயிரோடு இருப்பவனுக்கு நினைவூட்டுவது அந்தக் காலத்து ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் வழக்கம்.

அந்த எச்சரிக்கையை வாசலில் வைத்தவர்கள் அதைக் கேட்டார்களா?

கப்பல் ஏறியவர்கள்

டச்சு வியாபாரக் கம்பெனி 1610-ல் பழவேற்காட்டுக்கு வந்தது. 1613-ல் கோட்டை கட்டியது. கோட்டைக்குப் பெயர் கெல்ட்ரியா. நம் நெசவாளர்களின் துணியை வாங்கிக் கீழ்த் திசைத் தீவுகளில் கொடுத்து, அங்கிருந்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்குவது கம்பெனியின் தொழில்.

துணியோடு தொழில் நிற்கவில்லை. மனிதர்களையும் வாங்கினார்கள். சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் இந்த வியாபாரம் பெருகியது. தாய் தகப்பன் பிள்ளையை விற்றார்கள். சிலர் தங்களையே விற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டுப் பட்டேவியாவுக்குப் போனார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பட்டேவியா.

"நாங்கள் வாங்காவிட்டால் பட்டினியால் செத்திருப்பார்கள்." அடிமை வியாபாரத்துக்கு அன்று சொன்ன சமாதானங்களில் இதுவும் ஒன்று. பசித்தவனுக்குச் சோறு போடலாம். சோற்றுக்கு விலையாக அவனையே எடுத்துக்கொள்ளலாமா? இது வெள்ளைக்காரன் பாவம் மட்டும் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆள் பிடித்துக் கொடுத்தவர்களிலும், தரகு வாங்கியவர்களிலும் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள்.

வேதம் சொல்ல ஆள் இல்லாமலா போயிற்று? கோட்டையில் போதகர் இருந்தார். 1632 முதல் பத்து ஆண்டு அங்கே இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். கெட்டிக்காரர். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து, நம் நாட்டுச் சமயம் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். 1651-ல் அது அச்சானது. ஆனால் போதகருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. காவல்காரனுக்குக் கூலி கொடுப்பவனே களவும் செய்தால், காவல்காரன் பாடு கஷ்டம்தான்!

ஊதிய எக்காளம்

காவல்காரனைப் பற்றிப் பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார். ஆபத்து வருவதைக் கண்டும் காவல்காரன் எக்காளம் ஊதாவிட்டால் பழி அவன் மேல். அவன் ஊதியும் ஒருவன் கேளாமல் இருந்தால் பழி கேளாதவன் மேல்.

எக்காளம் ஊதிய ஒருவர் ஹாலந்து தேசத்திலேயே இருந்தார். ஹோர்ன் என்ற ஊரின் போதகர் ஜேக்கபஸ் ஹோண்டியஸ். கம்பெனியின் கிளை இருந்த ஊர் அது. 1679-ல் அவர் ஒரு புத்தகம் போட்டார். ஆயிரம் பாவங்களின் பட்டியல்! மனிதனை மாட்டைப் போல வாங்குவதும் விற்பதும் பாவம் என்று அதில் எழுதினார். யாரோ அந்நியரைச் சொல்லவில்லை. தம் சபையைச் சேர்ந்தவர்களும் இதைச் செய்கிறார்கள் என்றார்.

கம்பெனி கேட்கவில்லை. டச்சு ஆட்சியில் இருந்த கீழ்த் திசைத் தீவுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1860-ல்தான். 181 ஆண்டுகள்! "அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது" என்று சொல்கிறவர்கள் இந்த 1679-ஐ நினைத்துப் பார்க்கவேண்டும். தெரிந்திருந்தது. லாபம் வந்ததால் காது அடைத்துக்கொண்டது.

சவுலும் தாவீதும்

தவறு செய்த இரண்டு ராஜாக்களைப் பற்றிப் பைபிளில் கதை உண்டு. சவுல் ராஜா கட்டளையை மீறிக் கொள்ளைப் பொருளை வைத்துக்கொண்டார். சாமுவேல் கேட்டபோது, ஜனங்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று கையைக் காட்டினார். தாவீது ராஜா செய்தது அதைவிடக் கொடுமை. பிறன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவள் புருஷனைப் போரில் சாகவிட்டார். நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதையைச் சொல்லி, அந்த மனிதன் நீரே என்றார். தாவீது வேறு யாரையும் காட்டவில்லை. நான் பாவம் செய்தேன் என்றார். தண்டனை அவரை விடவில்லை. ஆனாலும் கிறிஸ்தவர்கள் சவுலைப் பார்த்து அல்ல, தாவீதைப் பார்த்துத்தான் மனந்திரும்பக் கற்கிறார்கள்.

அடிமை வியாபாரத்தில் தங்கள் தேசத்துக்கு இருந்த பங்குக்காக டச்சு மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் 2023 ஜூலை 1-ஆம் தேதி மன்னிப்புக் கேட்டார். ஹோண்டியஸ் எழுதி 344 ஆண்டுகள் கழித்து! தாமதம்தான். என்றாலும் அவர் தம் முன்னோர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போகவில்லை.

இப்போது யார் கை?

பழவேற்காட்டிலிருந்து கப்பல் போய்விட்டது. முன்பணம் போகவில்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டார்கள். 2011-ல் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள். பசி நேரத்தில் ஒரு தொகை. அதற்கு ஈடாக மனிதன். பழைய கணக்குத்தான்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. கொத்தடிமையாக வேலை வாங்குபவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கடன் முழுவதும் ரத்து. எச்சரிக்கை இல்லை என்று இங்கேயும் யாரும் சொல்ல முடியாது.

சூளைக்காரர் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்ல, கொடுமைக்காரர்களும் அல்ல. ஆனால் அந்தச் செங்கல்லில் வீடும் எழும்புகிறது, கோயிலும் எழும்புகிறது, தேவாலயமும் எழும்புகிறது. "எங்கே அறுத்த கல்? யார் அறுத்தார்கள்? கூலி கையில் கிடைத்ததா?" என்று மேஸ்திரியிடம் கேட்கக் கட்டிடக் குழுவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "அது சூளைக்காரர் பொறுப்பு" என்பது சவுல் ராஜாவின் பதில்.

மழை ஓய்ந்ததும் சூளைகளில் வேலை தொடங்கும். முன்பணம் அதற்கு முன்பே கை மாறிவிடும்.