சீருடை கழன்ற பின் கூரை யாருடையது?

படையில் பணிபுரியும் ஒருவர் எந்த எல்லைக்கு அனுப்பப்பட்டாலும், அவருடைய வழிச்செலவும் தங்குமிடமும் அரசின் பொறுப்பாகும். இந்தியப் படைவீரர் விடுப்பில் ஊர் திரும்புவதற்கு இரயில்வே வாரண்ட் பெறுகின்றார். இடமாற்றம் வரும்போது குடும்பத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் கொண்டு செல்லப் படி பெறுகின்றார். அரசுக் குடியிருப்புக் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவைத் தொடர்ந்து 2017 ஜூலை முதல் ஊர்களின் தரத்திற்கேற்ப 24, 16, 8 விழுக்காடாக நிர்ணயிக்கப்பட்ட இப்படி, படிப்படியாக உயர்ந்து, அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்ட 2024 ஜனவரியில் 30, 20, 10 விழுக்காட்டை எட்டியது. பிரித்தானியப் படைகளில், பணியிடத்திலிருந்து வீடு சென்று வருவதற்கென்றே தனியாக ஒரு பயணப்படி இருக்கின்றது.

இவற்றை யாரும் சலுகை என்று கருதுவதில்லை. எங்கே வாழ்வது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்த மனிதருக்கு, அவரை அனுப்புகின்றவர் செலுத்த வேண்டிய கடன் இது என்பதே இவ்விதிகளின் அடிப்படை.

ஆனால் அதே மனிதர் சீருடையைக் கழற்றிய பின், அதே துப்பாக்கியைத் தனியார் நிறுவனம் ஒன்றிற்காக ஏந்தும்போது இக்கடன் என்னவாகின்றது? இந்தியப் படையின் சிப்பாய்களில் பலர் நாற்பது வயதை எட்டுவதற்கு முன்னரே ஓய்வு பெற்றுவிடுகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது அது. அவர்களில் ஒரு பகுதியினர் காவல் பணி தேடி வளைகுடாவிற்கும் கப்பல்களுக்கும் செல்கின்றனர். இக்கேள்விக்கான விடையைத் தேடுவோர் புஜைராவின் கடலைப் பார்க்க வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு அமீரகங்களில், கடற்கரை முழுவதும் ஓமான் வளைகுடாவை நோக்கி அமைந்த ஒரே அமீரகம் புஜைரா. ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே இருப்பதுதான் அதன் பெருஞ்செல்வம். 1983இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய அதன் துறைமுகம், இன்று சிங்கப்பூர், ராட்டர்டாம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படும் கப்பல் எரிபொருள் நிரப்பும் மையமாகும். அபுதாபியின் ஹப்ஷானிலிருந்து மலைகளைக் கடந்து வரும் எண்ணெய்க் குழாய் 2012இல் திறக்கப்பட்டது. புஜைராவின் கரையில் நின்று பார்ப்பவருக்கு, நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களின் நீண்ட வரிசை தெரியும்.

சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், அக்கப்பல்களுக்கிடையே வேறொரு வகைக் கலமும் நின்றது. வணிகக் கப்பல்கள் ஆயுதக் காவலரை ஏற்றிச் செல்லத் தொடங்கியிருந்தன. இந்தியாவின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகமும் 2011இல் அதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆனால் தனியார் ஆயுதங்கள் தம் கரையில் இறங்குவதைக் கடலோர நாடுகள் பலவும் விரும்பவில்லை. ஆகவே நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே, பழைய கலங்களை நிறுத்தி அவற்றையே ஆயுதக் கிடங்காகவும் காவலர் விடுதியாகவும் நிறுவனங்கள் பயன்படுத்தின. செங்கடல், இலங்கையின் காலிக் கடற்பகுதி, புஜைராவிற்கு எதிரே உள்ள ஓமான் வளைகுடா ஆகியவை இம்மிதக்கும் கிடங்குகளின் முக்கிய இடங்களாயின.

ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்கும் காவலர் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், அங்கேயே தங்க வேண்டியிருந்தது. நெரிசலான படுக்கைகள், வெப்பம், பராமரிப்பில்லாத கழிப்பறைகள், வெறும் காத்திருப்பு என்று அவ்வாழ்க்கையை இதழியலாளர்கள் பலர் பதிவு செய்துள்ளனர். தங்குமிடம் என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தது. அது எத்தகைய தங்குமிடம் என்பதுதான் அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை.

இவ்வேற்பாடு உடைந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே நேரில் கண்டது. 2013 அக்டோபர் 12 அன்று, சியரா லியோன் கொடியேற்றிய 'சீமேன் கார்டு ஒஹாயோ' என்ற கலத்தை இந்தியக் கடலோரக் காவற்படை இடைமறித்துத் தூத்துக்குடித் துறைமுகத்திற்குக் கொண்டுவந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்றிற்குச் சொந்தமான அக்கலத்தில் 35 பேர் இருந்தனர். அவர்களில் 14 பேர் எஸ்தோனியர், 12 பேர் இந்தியர், 6 பேர் பிரித்தானியர், 3 பேர் உக்ரைனியர். கலம் இந்தியக் கடல் எல்லைக்குள் உரிய அனுமதியின்றி ஆயுதங்களோடு வந்தது என்பது வழக்கு. கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் பணியில் இருந்தோம் என்பது அவர்களின் பதில்.

2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை குற்றச்சாட்டுகளை நீக்கியது. 2015 ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை மாற்றி விசாரணைக்கு உத்தரவிட்டது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. கைதிலிருந்து விடுதலை வரை நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

அந்த ஆண்டுகளில் அவர்கள் எங்கே தங்கினர், எதை உண்டனர் என்பதே இங்கே எழும் கேள்வி. பிணையில் வெளிவந்த அயல்நாட்டவர் கடவுச்சீட்டு கையில் இல்லாமல் நாடு திரும்ப முடியாது தவித்தனர். நிறுவனத்திடமிருந்து ஊதியம் நின்றுபோனதாகக் குடும்பத்தினர் கூறினர். அவர்களுடைய செலவுகளுக்கு உறவினரின் நிதி திரட்டலும் கடலோடிகளுக்கான தொண்டு அமைப்புகளின் உதவியுமே துணை நின்றன. பிரித்தானியர் அறுவரும் 'சென்னை ஆறுவர்' என்ற பெயரில் உலகச் செய்திகளில் இடம் பெற்றனர். அதே கலத்தில் இருந்து அதே தண்டனையைப் பெற்ற 12 இந்தியருக்கு அப்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை.

சட்டம் இவர்களை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் துண்டு துண்டாகவே காக்கின்றது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. தங்குமிடத்தின் தரத்தையும் ஊர் திரும்பும் உரிமையையும் அது வரையறுக்கின்றது. 2017 ஜனவரி முதல், கைவிடப்பட்ட கடலோடியின் பயணச் செலவிற்கும் நான்கு மாதம் வரையிலான நிலுவை ஊதியத்திற்கும் கப்பல் உரிமையாளர் நிதிப் பிணை வைத்திருக்க வேண்டும். எனினும், ஒரு பிரிவினர் கடலோடிகளா அல்லரா என்ற ஐயம் எழுந்தால், அம்முடிவை உடன்படிக்கை அந்தந்த நாட்டின் அதிகாரிகளிடமே விட்டுவிடுகின்றது. கப்பலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் அந்த ஐயத்தின் நடுவிலேயே நிற்கின்றார்.

கரையில் நிலை சற்றுத் தெளிவானது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத்தின் தொழிலாளர் சட்டம், ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவதைத் தடை செய்கின்றது. தகுந்த தங்குமிடம் அல்லது அதற்கான படியை முதலாளி தர வேண்டும் என்கின்றது. சில விலக்குகள் தவிர, பணி முடிந்ததும் தாயகம் திரும்பும் செலவையும் முதலாளியிடமே வைக்கின்றது. இவற்றுக்கு அப்பால், 2009இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியின் மூலம், ஆதரவற்று நிற்கும் இந்தியருக்கு அவசரத் தங்குமிடமும் விமானப் பயணச்சீட்டும் வழங்க இந்தியத் தூதரகங்களால் இயலும். இது உள்ளது என்பதை அறியாமலேயே இன்னலுறுவோர் உண்டு.

பன்னாட்டுக் கப்பல் துறை இந்தியப் பெருங்கடலில் குறித்திருந்த 'உயர் ஆபத்துப் பகுதி' 2023 ஜனவரி முதல் நாள் நீக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் 'ரூயென்' என்ற கப்பல் கடத்தப்பட்டது. 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை அதை மீட்டது. ஆபத்து திரும்பும்போது காவலர் தேவையும் திரும்பும். காவலர் தேவை திரும்பினால், ஓய்வு பெற்ற படைவீரரின் வாசலுக்கு முகவரும் வருவார்.

அவ்வேளையில் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. வேலை தருகின்ற நிறுவனம் எந்த நாட்டில் பதிவு பெற்றது? கலம் எந்த நாட்டுக் கொடியைத் தாங்குகின்றது? இரண்டு பணிகளுக்கு இடைப்பட்ட நாள்களில் தங்குமிடம் கரையிலா, கடலிலா? அந்நாள்களுக்கு ஊதியம் உண்டா? திரும்பும் பயணச்சீட்டு எந்த ஊர் வரை? வழக்கு வந்தால் வழக்கறிஞருக்கும் உணவிற்கும் யார் பொறுப்பு? விடைகள் எழுத்தில் இல்லையெனில் அவை இல்லை என்றே கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் படி ஒன்று வீட்டிலும் இருத்தல் அவசியம். ஆங்கில ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய பிள்ளைகள் இன்று ஏறக்குறைய எல்லாப் புலம்பெயர் குடும்பங்களிலும் இருக்கின்றனர். தந்தைக்காகவும் மாமாவிற்காகவும் அவர்கள் செலவிடும் ஒரு மணி நேரம் நான்கு ஆண்டுகளை மிச்சப்படுத்தக்கூடும்.

அரசுகளின் கடமையும் எளிதானதே. ஆயுதக் காவலரையும் கடலோடி என்ற வரையறைக்குள் ஐயத்திற்கிடமின்றிச் சேர்க்க வேண்டும். நிதிப் பிணை இல்லாத நிறுவனத்திற்கு ஆளெடுக்கும் உரிமை வழங்கலாகாது. நாட்டிற்காக நின்றபோது அந்த மனிதருக்குக் கிடைத்த கூரையும் வழிச்செலவும், உலக வணிகத்திற்காக நிற்கும்போதும் அவருக்கு உரியவையே.