கேட்டறிந்து அனுப்புவோம்

 

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. நாங்கள் பணியாற்றும் தன்னார்வ அமைப்பின் கிளைகள் ஊர்தோறும் வசூலில் இறங்கின. எங்கள் கிளையும் ஒரு லாரி நிறைய அரிசியும் துணிமணிகளும் அனுப்பியது.

லாரி நெடுஞ்சாலையோரத்து ஊர் ஒன்றில் நின்றது. எங்களுக்கு முன்பே வேறு மூன்று மாவட்டக் கிளைகளின் வண்டிகள் அங்கு வந்திருந்தன. அவற்றிலும் அரிசியும் பழைய துணியுமே இருந்தன. உட்கிராமங்களிலோ தார்ப்பாய்க்கும் மெழுகுவர்த்திக்கும் குடிநீருக்கும் மக்கள் தவித்தனர். இதை அங்குள்ள கிளையினர் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மக்கள் மனமுவந்து தந்த ஸதகா திண்ணையில் மழைநீரில் ஊறிக்கிடந்ததைக் கண்டு வெட்கினோம். நிய்யத்தில் குறையில்லை, மஷ்வராவில்தான் குறை.

இதற்குத் தீர்வாக, அனைத்தையும் தலைமையகமே முடிவு செய்யட்டும் என்பர் சிலர். அவரவர் ஊர் வேலையை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்பர் வேறு சிலர். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. எந்தத் தெருவில் எந்த விதவையின் வீட்டுக் கூரை பறந்தது என்பது தலைநகரில் இருப்பவருக்குத் தெரியாது. தனித்து இயங்கும் கிளைக்கோ அடுத்த மாவட்டத்தின் பட்டினி தெரியாது.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், முஆத் (ரலி), அபூமூஸா (ரலி) ஆகிய இருவரையும் யமனுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி. மக்களுக்கு இலகுவாக்க வேண்டும், இருவரும் தமக்குள் இணங்கி நடக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. தம் பகுதியில் பயணம் செய்கையில் மற்றவரின் எல்லையை நெருங்கினால், அவரைச் சந்தித்து ஸலாம் உரைத்துச் செல்வது அவர்களின் வழக்கமாக இருந்தது என ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பகுதி வேறாயினும் உறவு அறுபடவில்லை.

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டளவில் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் முதலிய பகுதிகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உதவி கோரினார்கள். உணவுப் பொருட்கள் வந்து சேர்ந்தன. இங்கும் தேவையைக் கண்ணால் கண்டவரே கேட்டார். வளமுள்ள பகுதியினர் கொடுத்தனர்.

ஆகவே மூன்று செயல்களை நம் கிளைகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பேரிடரில் பட்டியல் தயாரிக்கும் உரிமை பாதிக்கப்பட்ட ஊரின் கிளைக்கே உரியது. அப்பட்டியல் வரும் முன் எந்த லாரியும் புறப்படலாகாது. எந்தக் கிளை எதை அனுப்புவது என்று பிரித்துக் கொடுப்பது தலைமையின் பொறுப்பு.

இரண்டாவது, கணக்கு. தனியாகப் பதிவு செய்யப்படாத கிளைகள் எத்தனை இருப்பினும், சட்டத்தின் முன் அமைப்பு ஒன்றே; பான் எண்ணும் ஒன்றே. ஒரு கிளையில் ரசீதுப் புத்தகம் தொலைந்தால் அனைவரின் அமானத்தும் கேள்விக்குள்ளாகும். மாதந்தோறும் கணக்குக் கேட்பதைச் சந்தேகமாகக் கருதக் கூடாது. தலைமையும் தன் கணக்கைக் கிளைகளின் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளது.

மூன்றாவது, சந்திப்பு. அண்டை மாவட்டக் கிளையினர் ஆண்டிற்கு இருமுறையேனும் ஒருவர் ஊருக்கு மற்றவர் சென்று அமர்ந்து பேச வேண்டும். அமைதிக் காலத்தில் முகம் அறியாதவர்கள் புயலன்று தொலைபேசியில் ஒருவரையொருவர் எவ்வாறு நம்புவர்?

பெயர்ப்பலகை எந்தக் கிளையுடையது, புகைப்படத்தில் முன்னே நிற்பவர் யார் என்பவை மறுமையில் நமக்கு உதவா. இருளில் இருந்த வீட்டுக்கு மெழுகுவர்த்தி போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. அடுத்த மழைக்காலம் வருவதற்குள், அண்டைக் கிளையின் பொறுப்பாளரை ஒருமுறை நேரில் சென்று காண்போம்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து, நம் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.