தேன்பெட்டி மட்டும் போதாது

நகரத்தில் வாழ்வோர் இயற்கையை மறந்துவிட்டனர் என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. அதற்கு விடையளிப்பார் போன்று, மேலைநாட்டு நகரமக்கள் மாளிகைக் கூரைகளிலும் மொட்டைமாடிகளிலும் தேனீப் பெட்டிகளை வைத்து வளர்த்து வருகின்றனர். பாரிஸ் நகரின் புகழ்பெற்ற ஒப்பெரா அரங்கின் கூரையிலே 1980களிலேயே தேனீக்கள் குடியேற்றப்பட்டன. நியூயோர்க் மாநகரில் தேனீ வளர்ப்புக்கு இருந்த தடை 2010இல் நீக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் நல்ல நோக்கம் ஒன்றே நற்பயனைத் தந்துவிடாது என்பதற்கு இம்முயற்சியே சான்றாகிவிட்டது.

நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் சுவிற்சர்லாந்தை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் 14 நகரங்களைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வொன்றின்படி, 2012இல் அங்கே 3,139 தேனீப் பெட்டிகள் இருந்தன. 2018இல் அவை 9,370 ஆகப் பெருகிவிட்டன. ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய மும்மடங்கு! ஆனால் அத்தேனீக்களுக்கு உணவளிக்க வேண்டிய சோலைகளும் பூந்தோட்டங்களும் மும்மடங்காகவில்லை. பந்தி பழைய பந்தியே. உண்ண வந்தோர் தொகையே பெருகிற்று. இலண்டனின் கியூ தாவரவியற் பூங்காவினரும் தம் நகரத்தைக் குறித்து 2020இல் இத்தகைய எச்சரிக்கையையே விடுத்தனர்.

இந்தப் பந்தியில் பட்டினி கிடப்பவை எவை? பெட்டித் தேனீக்கு ஓர் உடைமையாளன் உண்டு. பூவில்லாக் காலத்தில் அவன் சீனிப்பாகு வைப்பான். எவரும் வளர்க்காத, தேன் தராத, தனித்து வாழும் காட்டுத் தேனீக்களுக்கோ கேட்பார் இல்லை. அவையே முதலில் அழிகின்றன.

இது மேலைநாட்டார் கவலை, நமக்கென்ன என்று கேட்போர் தம் கத்தரித் தோட்டத்தைச் சென்று பார்க்கட்டும். கத்தரிப்பூவின் மகரந்தம் குழாய் போன்ற பைகளினுள் அடைபட்டுக் கிடப்பது. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்யும் தேனீயே அதனை உதிர்க்க வல்லது. பெட்டித் தேனீக்கு அவ்வித்தை தெரியாது. வயிற்றில் நீலக்கோடுகள் உடைய, மண்ணில் வளை தோண்டி வாழும் சிறு தேனீயும், பட்ட மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டுமே அதனை அறிந்தவை. இலங்கையில் வாழும் ஏறக்குறைய 150 தேனீ இனங்களுள் மிகப் பெரும்பாலானவை இவைபோன்று தேன் தராதவையே. கூலி கேளாது நம் வயலில் உழைப்போர் அவர்களே.

அவர்களுக்கு நாம் அளிக்கும் கைம்மாறு யாது? கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகளைத் தறித்துச் சீமெந்து மதில் எழுப்புகிறோம். மண் முற்றத்தைக் கல் பதித்து மூடுகிறோம். வளவில் நின்ற வேம்பையும் புளியையும் குப்பை கொட்டுகின்றன என்று வெட்டுகிறோம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்தோர் வீடுகளே இதில் முன்னிற்கின்றன என்பதை வேதனையோடு குறிப்பிட வேண்டியுள்ளது. இவ்வாறு பூவையும் மண்ணையும் அழித்துவிட்டு, மாடியில் ஒரு தேன்பெட்டியை வைத்துப் பசுமை வாழ்வு வாழ்கிறோம் என்பது தன்னைத்தான் ஏமாற்றுவதேயாகும்.

உழவர்க்கும் ஒரு வார்த்தை. 2021இல் இரசாயன உரங்களினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அரசாங்கம் உழவர் வயிற்றில் அடித்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய தடையை நாம் ஒருபோதும் வேண்டோம். பூசணிப்பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் குவிவது. தேனீ வரும் வேளையும் அதுவே. அவ்வேளையில் மருந்து தெளிப்பதைத் தவிர்த்து, மாலையில் தெளியுங்கள் என்றே வேண்டுகிறோம். இதற்குச் சட்டமும் வேண்டா, பணமும் வேண்டா.

மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் வீதியோரங்களில் அழகுக்காக மட்டுமன்றிப் பூக்கும் நாட்டு மரங்களை நடட்டும். பூங்காக்களில் ஒரு மூலையையேனும் கல் பாவாது வெறும் மண்ணாக விட்டுவைக்கட்டும். வீடு கட்டுவோர் முற்றத்தின் பாதியையேனும் மண்ணுக்கே விடட்டும். இவற்றைச் செய்தபின் தேன்பெட்டி வைக்க விரும்புவோர் தாராளமாக வைக்கலாம்.

முதலில் பூ, பின்னரே பெட்டி. இம்முறை மாறினால் தேன் கிடைக்கலாம், காய் கிடைக்காது.