போட்ட சாலையைக் காப்பது யார்?

அயோத்தியாப்பட்டணம் வழியே போகும் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நான்குவழிச் சாலையைப் பராமரிக்கச் சுங்கம் வசூலாகிறது. ஒன்றியத்து ஊராட்சிகளின் காலனித் தெருக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒருமுறை தார் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி.

தார்ச்சாலைக்கு எமன் தண்ணீர்தான். விரல் நுழையாத விரிசல் வழியே இறங்கும் மழைநீர் அடிச்சல்லியை இளக்கிவிடும்; மேலே வண்டி ஏற ஏறக் குழி விழும். ஐப்பசி மழைக்கு முன் விரிசலைத் தாரால் அடைத்து, ஓரக் கால்வாயைத் தூர்வாரினால் சாலை பல ஆண்டு தாங்கும். செலவும் கொஞ்சம்தான். அதைச் செய்யாமல், குழி பெருகியபின் பழைய சாலைமீதே புதிதாகப் போடுகிறார்கள். தெரு உயர உயர, பள்ளத்தில் இடம் ஒதுக்கப்பட்ட நம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவு காலனிக்கும் சேர்த்துத்தான்.

2023இல் அறிவித்த அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய். அதில் புதுச்சாலை மட்டும் கேட்டு மனு எழுதினால் போதாது. எந்தத் தெருவில் விரிசல், யார் அடைப்பது, எந்தத் தேதிக்குள் என்று அக்டோபர் 2 கிராமசபைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைப்போம். படிக்கிற பிள்ளைகள் அதற்கு முன்பே தெருத்தெருவாகப் போய்க் குறித்து வரட்டும்.