ஆங்கிலம் பழக ஒரு நாவல்: பிப்பைக் கூசவைத்த சொல்!

டிக்‌ஷனரியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் 'பி' எழுத்தைத் தாண்டுவதில்லை. தனியாக வரும் சொல் மறந்துபோகும். ஒரு மனிதரோடும் ஒரு சம்பவத்தோடும் சேர்ந்து வரும் சொல் மனதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கதைகளைவிட நல்ல வழி இல்லை.

இந்த வாரம் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை, டிக்கன்ஸே நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற வார இதழில் தொடர்கதையாக வந்த நாவல் இது. ஆங்கிலம் கற்பவர்களுக்கு இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. சீட்டாட்டத்தில் ஒரு சொல்லைச் சொன்னதற்காகச் சிரிக்கப்பட்ட ஒரு பையன், அந்த அவமானத்திலிருந்து விடுபட எத்தனை தூரம் போகிறான் என்பதுதான் கதை.

பிப்

கதாநாயகனின் முழுப்பெயர் ஃபிலிப் பிர்ரிப். சின்ன வயதில் நாக்கு புரளாமல் தன்னையே 'பிப்' என்று சொல்லிக்கொள்ள, அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

'பிப்' என்றால் ஆப்பிள், ஆரஞ்சு போன்ற பழங்களுக்குள் இருக்கும் சிறிய விதை. எல்லா விதையும் பிப் ஆகாது. மாம்பழத்தின் கொட்டை 'ஸ்டோன்'. மண்ணில் ஊன்றும் விதைக்குப் பொதுப்பெயர் 'சீட்'.

ப்ராட் அப்

பிப்புக்கு அப்பா அம்மா இல்லை. இருபது வயதுக்கும் மேல் மூத்தவளான அக்காதான் வளர்க்கிறாள். தம்பியைத் தன் 'கையால் வளர்த்ததாக' ஊரெல்லாம் பெருமை பேசுகிறாள். 'பை ஹேண்ட்' என்று அவள் சொல்வதற்கு அந்தக் காலத்தில் தனி அர்த்தம் இருந்தது. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குக் கரண்டியாலோ பாட்டிலாலோ பால் புகட்டி வளர்ப்பது என்று பொருள். பிப்புக்கு அது தெரியாது. அக்காவின் கனத்த கை அடிக்கடி முதுகில் விழுவதால், அடித்து வளர்ப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறான்!

அக்காவின் பிரம்புக்கு அந்த வீட்டில் 'டிக்லர்' என்று பெயர். 'டிக்கிள்' என்றால் கிச்சுக்கிச்சு மூட்டுவது. சொல்வது ஒன்று, பொருள் அதற்கு நேர் எதிர். இந்தக் கிண்டலுக்கு ஆங்கிலத்தில் 'ஐரனி' என்று பெயர்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'பாட்டி என்னை வளர்த்தார்' என்றால் 'ப்ராட் மீ அப்'. 'நான் சேலத்தில் வளர்ந்தேன்' என்றால் 'க்ரூ அப்'. வளர்ப்பது 'பிரிங் அப்', வளர்வது 'க்ரோ அப்'. வளர்ப்பு என்ற பெயர்ச்சொல் 'அப்பிரிங்கிங்'.

ஹல்க், கான்விக்ட்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை. கல்லறைத் தோட்டத்தில் பிப்பின் முன்னால் காலில் இரும்பு வளையத்தோடு ஒரு முரட்டு மனிதன் வந்து நிற்கிறான். சாப்பாடும் ஓர் அரமும் கொண்டுவரச் சொல்லி மிரட்டுகிறான். இந்த அரத்துக்கும் ஆங்கிலத்தில் 'ஃபைல்' என்றுதான் பெயர். அலுவலகத்துக் கோப்பும் அதே எழுத்து, அதே உச்சரிப்பு.

அந்த மனிதன் தப்பி வந்த இடம் 'ஹல்க்ஸ்'. பயணத்துக்கு உதவாத பழைய கப்பல்களை நதியிலேயே நிறுத்திச் சிறையாகப் பயன்படுத்தினார்கள். அந்தக் கப்பல்தான் 'ஹல்க்'. பெரிதாக, கனமாக, அசைக்க முடியாமல் நிற்பது என்ற பொருள் அதிலிருந்து வந்தது. சினிமாவில் வரும் பச்சை நிற ராட்சதனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று குழந்தைகள் கேட்டால் இனி சொல்லிவிடலாம்.

அவன் ஒரு 'கான்விக்ட்'. மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தேகத்துக்கு உரியவர் 'சஸ்பெக்ட்'. குற்றம் சாட்டப்பட்டவர் 'அக்யூஸ்ட்'. குற்றம் நிரூபணமாகித் தீர்ப்பு வந்தபிறகுதான் 'கான்விக்ட்'. பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையை அழுத்தி 'கான்விக்ட்'. குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும் செயலைச் சொல்லும்போது இரண்டாவது அசையை அழுத்தி 'கன்விக்ட்'.

சாட்டிஸ், ஸ்டெல்லா

பிப்பை ஒரு பணக்கார வீட்டுக்கு விளையாட அனுப்புகிறார்கள். வீட்டின் பெயர் 'சாட்டிஸ் ஹவுஸ்'. உரிமையாளர் மிஸ் ஹவிஷாம். கல்யாண நாளன்று மாப்பிள்ளை வராமல் ஏமாற்றிவிட, அந்த நிமிடத்திலேயே வீட்டுக் கடிகாரங்களை நிறுத்திவிட்டார். மணி எட்டு நாற்பது. அதன்பிறகு வருடக்கணக்காக அதே மணப்பெண் உடை. மேஜையில் நூலாம்படை படிந்த கல்யாண கேக்.

காதலித்தவரைத் திடீரென்று கைவிடுவதற்கு 'ஜில்ட்' என்று பெயர். அப்படிக் கைவிடப்பட்டவர் 'ஜில்டட்'.

'சாட்டிஸ்' லத்தீன் சொல். 'போதும்' என்று அர்த்தம். 'சாட்டிஸ்ஃபை', 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. போதும் என்று பெயர் வைத்த வீட்டுக்குள் யாருக்கும் நிம்மதி இல்லை என்பது டிக்கன்ஸின் குறும்பு.

மிஸ் ஹவிஷாமின் வளர்ப்புமகள் எஸ்டெல்லா. லத்தீனில் 'ஸ்டெல்லா' என்றால் நட்சத்திரம். நட்சத்திரக் கூட்டம் 'கான்ஸ்டெலேஷன்'. நட்சத்திரங்களுக்கு இடையில் என்பது 'இன்டர்ஸ்டெல்லர்'. பிப்புக்கும் அவள் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறாள்.

ஜாக்கா, நேவா?

இப்போது அந்தச் சீட்டாட்டம். ராஜா, ராணிக்கு அடுத்த சீட்டை பிப் 'ஜாக்' என்கிறான். எஸ்டெல்லா ஏளனமாகச் சிரிக்கிறாள். 'நேவ்' என்று சொல்லத் தெரியாத பட்டிக்காட்டுப் பையன் என்பது அவள் எண்ணம். அவனுடைய கையையும் பூட்ஸையும்கூட விட்டுவைக்கவில்லை.

'நேவ்' என்ற சொல்லின் முதல் எழுத்து 'கே'. ஆனால் உச்சரிப்பில் வராது. 'நைஃப்', 'நீ' (முழங்கால்), 'நாக்', 'நோ' (அறிதல்) ஆகிய சொற்களிலும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பையன் என்று பொருள். பிறகு வேலைக்காரப் பையன் ஆகி, கடைசியில் அயோக்கியன் ஆகிவிட்டது.

சீட்டின் மூலையில் எழுத்து அச்சிடும் வழக்கம் வந்தபோது 'கிங்', 'நேவ்' இரண்டும் 'கே'யில் தொடங்கியதால் குழப்பம் ஏற்பட்டது. அதைத் தீர்க்க 'ஜாக்' என்பதன் 'ஜே' வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சீட்டு 'ஜாக்'. நம்மூரில் ஜாக்கி. எஸ்டெல்லா எந்தச் சொல்லுக்குச் சிரித்தாளோ, அந்தச் சொல்தான் ஜெயித்தது.

இன்று 'தப்பு' என்று சிரிக்கப்படும் சொல் நாளை வழக்காகலாம். சிரித்தவர் பேசியது அவருடைய வட்டத்தின் வழக்கு, அவ்வளவுதான்.

காமன், கோர்ஸ்

பிப்புக்கு இதெல்லாம் தெரியாதே! வீட்டுக்கு நடக்கும்போது தன் கைகளைப் பார்த்துப் பார்த்துக் குமைகிறான். எஸ்டெல்லா சொன்ன இரண்டு சொற்கள் மனதைக் குடைகின்றன.

ஒன்று 'கோர்ஸ்'. சொரசொரப்பான, கரடுமுரடான என்று பொருள். கல் உப்பும் கோர்ஸ், முரட்டுத் துணியும் கோர்ஸ், நாகரிகமற்ற பேச்சும் கோர்ஸ். இதன் நடுவில் 'ஓ ஏ' வரும். கல்லூரியில் படிக்கும் 'கோர்ஸ்' சொல்லில் 'ஓ யூ' வரும். உச்சரிப்பு ஒன்றுதான்.

இன்னொன்று 'காமன்'. பொதுவான, சாதாரணமான என்பது நாம் அறிந்த பொருள். 'காமன் சென்ஸ்', 'காமன் கோல்ட்' என்று சொல்கிறோமே. ஆனால் ஒரு மனிதரைப் பார்த்து 'காமன்' என்றால் 'தரம் தாழ்ந்தவர்' என்று இழிவாகச் சொல்வதாகும். இந்தப் பொருளில் யாரிடமும் பயன்படுத்தக் கூடாது.

அன்று இரவு பிப் தன் வருத்தத்தை அக்காவின் கணவர் ஜோவிடம் கொட்டுகிறான். ஜோ கொல்லர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அச்சில் 'ஜே', 'ஓ' இரண்டு எழுத்தைக் கண்டால் தன் பெயர் என்று மகிழ்ந்துபோவார். அந்த மனிதர் ஒரே ஒரு முன்னொட்டால் பையனைத் தேற்றுகிறார். நீ சில விஷயத்தில் 'அன்காமன்', நீ 'அன்காமன்' படிப்பாளி என்கிறார். கிரீடம் சூடிய ராஜாவானாலும் இளவரசனாக இருந்த காலத்தில் 'ஏ'யிலிருந்துதானே ஆரம்பித்திருப்பார் என்று கேட்கிறார்.

ஆங்கிலம் கற்கத் தயங்கும் யாருக்கும் இதைவிட நல்ல ஆறுதல் கிடையாது. அதைச் சொல்பவர் படிக்கத் தெரியாத ஒரு கொல்லர்.

அப்ரென்டிஸ், இன்டென்ச்சர்

கொஞ்சம் வளர்ந்ததும் பிப், ஜோவிடமே 'அப்ரென்டிஸ்' ஆகிறான். அதற்காக மிஸ் ஹவிஷாம் 25 கினி கொடுக்கிறார். ரயில்வே விளம்பரங்களில் நாம் பார்க்கும் அதே சொல்தான், தொழில் பழகுநர். அதற்கான ஒப்பந்தப் பத்திரம் 'இன்டென்ச்சர்'.

இந்தச் சொல்லுக்குள் பல் இருக்கிறது! லத்தீனில் 'டென்ஸ்' என்றால் பல். 'டென்டிஸ்ட்' வந்ததும் அங்கிருந்துதான். ஒரே தாளில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் பற்களைப் போல வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொள்வார்கள். சேர்த்து வைத்துப் பார்த்தால் பொருந்த வேண்டும். அதுவே பத்திரம் உண்மையானது என்பதற்கு அத்தாட்சி.

இதே சொல் தமிழர் வரலாற்றிலும் உண்டு. மதராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது 1860 நவம்பர் 16 அன்று. அதில் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களை ஆங்கிலத்தில் 'இன்டென்ச்சர்ட் லேபரர்ஸ்' என்பார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் பிப்பின் கதை லண்டனில் அச்சேறத் தொடங்கியது.

எக்ஸ்பெக்டேஷன், பெனிஃபேக்டர்

ஒருநாள் லண்டன் வக்கீல் ஒருவர் வந்து, பிப்புக்குப் பெரிய 'எக்ஸ்பெக்டேஷன்ஸ்' இருப்பதாகச் சொல்கிறார். அந்தக் காலத்தில் இதற்கு, பிற்காலத்தில் கைக்கு வரவிருக்கும் சொத்து என்று பொருள். நாவலின் தலைப்பில் ஆசை, சொத்து இரண்டும் இருக்கின்றன.

நாம் குழப்பிக்கொள்ளும் மூன்று சொற்கள் இங்கே. பஸ்ஸுக்காக நிற்பது 'வெயிட்'. மழை வராதா என்று ஆசைப்படுவது 'ஹோப்'. வருவதாகச் சொன்ன விருந்தாளியை எதிர்பார்ப்பது 'எக்ஸ்பெக்ட்'. 'ஷி இஸ் எக்ஸ்பெக்டிங்' என்று மட்டும் சொன்னால், அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று பொருள்.

பணம் கொடுக்கும் 'பெனிஃபேக்டர்' யார் என்பது ரகசியம். 'பெனே' என்றால் நல்லது. நன்மை செய்பவர் 'பெனிஃபேக்டர்'. நன்மையைப் பெறுபவர் 'பெனிஃபிஷியரி'. அரசுத் திட்டப் படிவங்களில் வரும் பயனாளி இவர்தான். மிஸ் ஹவிஷாம்தான் அந்தப் புரவலர் என்று பிப் நம்பிக்கொண்டிருக்கிறான். உண்மையில் அவர், சிறு வயதில் பிப் சாப்பாடு கொடுத்த அந்த 'கான்விக்ட்'!

ஜென்டில்மேன்

ஆங்கிலத்தில் 'ஜென்டில்' முதலில் குறித்தது நல்ல குடும்பத்தில் பிறந்தவரை. மென்மையான என்ற பொருள் பின்னால் வந்தது. உடலுழைப்பு தேவைப்படாத, சொத்துள்ள, நாகரிகம் தெரிந்த மனிதர்தான் பிப் காலத்து 'ஜென்டில்மேன்'.

பிப் லண்டனில் நல்ல உடை உடுத்தி, நல்ல ஆங்கிலம் பேசி ஜென்டில்மேன் ஆகிறான். அவனைப் பார்க்க ஜோ வரும்போது கூச்சத்தில் நெளிகிறான். தூக்கி வளர்த்த ஜோ அவனை 'சார்' என்று கூப்பிடுகிறார். எஸ்டெல்லா ஒரு சொல்லால் பிப்புக்குச் செய்ததை, பிப் ஒரு சொல்லும் சொல்லாமல் ஜோவுக்குச் செய்துவிடுகிறான்.

பிற்பாடு பிப் கடனில் மூழ்கி, நோயில் படுக்கும்போது, வந்து பார்த்துக்கொள்பவர் அதே ஜோதான். உடம்பு தேறியதும், பிப்பின் கடனை அடைத்துவிட்டு, சின்னக் கடிதம் ஒன்றை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் ஊர் திரும்புகிறார். ஆம், கடிதம். பிட்டி என்ற பெண்ணிடம் அவர் அதற்குள் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். 'ஏ'யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னவர், தானும் அப்படியே ஆரம்பித்திருக்கிறார். ஜென்டில்மேன் பட்டம் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. 'ஜென்டில்' என்ற சொல்லுக்கு முழுக்கப் பொருந்துபவர் நாவலில் அவர் ஒருவர்தான்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

1. அத்தைதான் எங்களை வளர்த்தார். 'க்ரூ அப்' சரியா, 'ப்ராட் அப்' சரியா?
2. வழக்கு இன்னும் முடியவில்லை. அவரை 'கான்விக்ட்' என்று சொல்லலாமா?
3. கல் உப்பைக் குறிக்கும் 'கோர்ஸ்' சொல்லில் வருவது 'ஓ ஏ'வா, 'ஓ யூ'வா?
4. இன்ஷூரன்ஸ் தொகையைப் பெறுபவர் 'பெனிஃபேக்டரா', 'பெனிஃபிஷியரியா'?
5. ஆரஞ்சுக்கு 'பிப்' என்றால் மாம்பழத்துக்கு?

விடைகள்: 1. ப்ராட் அப். 2. கூடாது, 'அக்யூஸ்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். 3. ஓ ஏ. 4. பெனிஃபிஷியரி. 5. ஸ்டோன்.